உள்ளத்தை நிமிர்த்தும் படங்கள்



இரவுக் காட்சி முடிந்து படமாளிகையிலிருந்து வெளியேறும் கூட்டத்தைத் தெருவின் எதிர்ப்புறத்தில் நின்று பார்த்தால், உள்ளே எத்தகைய படம் ஓடியது என்பதை எவரையும் கேளாமலே சொல்லிவிடலாம். துன்பக் கதையாயின் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி மெல்ல இறங்குவர். ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுப் பேசுவர். துப்பறியும் கதையாயின் படிக்கட்டிலேயே வாதம் தொடங்கிவிடும். ஆனால் சில படங்கள் முடிந்த இரவிலோ கூட்டத்தின் நடையே வேறாக இருக்கும். தோள்கள் நிமிர்ந்திருக்கும். கலரியிலிருந்து ஓடிவரும் சிறுவன் வெறுங்கையாலேயே வாள் வீசுவான். மாலையில் முழங்கால் வலியென்று முணுமுணுத்துக்கொண்டு வந்த முதியவர், பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வீடு போய்ச் சேர்வார். மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தவர்களுக்கு இந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது?

உள்ளத்தில் நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் பெருமிதமும் உவகையும் இரண்டு. கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கும் பற்றிப் பெருமிதம் பிறக்கும் என்பது அவர் கருத்து. உவகை தோன்றும் இடங்களைச் சொல்லும்போது செல்வத்தையும் புலன்நுகர்ச்சியையும் கூடலையும் சொல்லி, விளையாட்டையும் அவற்றோடு ஒன்றாக வைத்தார். விளையாட்டை அவ்வளவு உயர்ந்த இடத்தில் வைத்த இலக்கண ஆசிரியரைப் பள்ளிக்கூடங்களில் போதிய அளவு நினைப்பதில்லை. அது நிற்க. படமாளிகையிலிருந்து நிமிர்ந்த தோளுடன் வருவோரிடம் காணப்படுவது இந்தப் பெருமிதமும் உவகையும் ஒன்றோடொன்று கலந்த ஒரு நிலை. வெகுளியைத் தொல்காப்பியர் பெருமிதத்தோடு சேர்க்காமல் தனியே வைத்தார் என்பதையும் நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. அதன் பயன் பின்னே தெரியும்.

தமிழ்ப் படங்களில் இவ்வகைக்கு உடனே நினைவுக்கு வருவது 1948ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளியான சந்திரலேகா. ஜெமினி ஸ்ரூடியோ அதிபர் எஸ். எஸ். வாசன் ஏறத்தாழ ஐந்தாண்டு உழைத்து, அக்காலத்தவர் வியக்கும் பொருட்செலவில் அதை எடுத்தார். கதை எளியது. அரச குமாரர் இருவர். மூத்தவனுக்கு முடி என்று தந்தை சொல்ல, இளையவன் அதனைப் பறிக்க முனைகிறான். கிராமத்து நடனப் பெண் ஒருத்தியை இருவரும் விரும்புகின்றனர். எம். கே. ராதா மூத்தவர், ரஞ்சன் இளையவர், டி. ஆர். ராஜகுமாரி சந்திரலேகா. இடையில் சர்க்கஸ் ஒன்று வந்து கதையை நெடுநேரம் ஒரு புறம் தள்ளிவிடுகிறது. நகைச்சுவைக்கென்று சேர்த்த பகுதிகளிற் சில இன்று பொறுமையைச் சோதிக்கும். ஆயினும் கடைசிப் பகுதியில் வரும் முரசு நடனம் ஒன்றுக்காகவே அந்தப் படத்தை மறவாதவர் பலர்.

கொடுங்கோலனாகிய இளவரசனை மணக்க இசைந்தவள்போல நடிக்கும் சந்திரலேகா, திருமணத்துக்கு முன் தன் நடனம் ஒன்று நிகழவேண்டும் என்கிறாள். அரண்மனை முற்றத்தில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட முரசங்கள் வரிசை வரிசையாக நிறுத்தப்படுகின்றன. அவற்றின் மேல் நடனப் பெண்கள் நின்று காலால் தாளம் எழுப்புகின்றனர். நூற்றுக்கணக்கானோர் ஒரே அசைவில் திரும்புகின்றனர். எஸ். ராஜேஸ்வரராவின் இசை ஏற ஏறப் பார்ப்பவர் தம்மையறியாமல் நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தட்டத் தொடங்குகிறார். ஆட்டம் உச்சத்தை எட்டியதும் முரசங்களின் உள்ளிருந்து வாளேந்திய வீரர்கள் வெளியே பாய்கின்றனர். அதன்பின் சகோதரர் இருவருக்கும் இடையே நெடிய வாட்போர் நடக்கிறது. ஹோமரின் மரக்குதிரையைப் படித்தவர்களுக்கு இந்த உபாயம் புதிதன்று. ஆனால் மரக்குதிரை பேசாது நின்றது. இந்த முரசமோ முழங்கிக்கொண்டே நின்றது. அதுவரை அழகுக்கென்று நின்ற பொருள் நொடியில் செயலுக்கு உரியதாக மாறுகிறது. தாளமாய்ச் சேர்ந்த வேகம் அப்படியே போராய்ப் பாய்கிறது. பார்ப்பவர் அடைந்த தெம்பின் இரகசியம் அந்த மாற்றத்தில் உண்டு. வெறும் ஆரவாரத்தினால் அது வந்திருக்குமாயின், ஆரவாரம் மிகுந்த படங்கள் எல்லாவற்றிலும் வந்திருக்கவேண்டும். பெரும்பாலானவற்றில் வருவது தலைவலி மட்டுமே.

பெருமிதத்தின் வழி அது. உவகையின் வழிக்கு அமெரிக்கப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1952இல் வெளியான 'சிங்கிங் இன் த ரெயின்' என்ற அப்படத்தை ஜீன் கெலியும் ஸ்ரான்லி டோனனும் சேர்ந்து இயக்கினர். மழையில் பாடுதல் என்பது அத்தலைப்பின் பொருள். ஊமைப்படம் பேசும்படமாக மாறிய 1927ஆம் ஆண்டை ஒட்டி நிகழும் கதை. முகம் அழகிய நடிகை ஒருத்தியின் குரல் கேட்கச் சகிக்காதது. திரைக்குப் பின்னால் வேறொரு பெண் அவளுக்காகப் பேசவும் பாடவும் வேண்டியதாகிறது. ஊமைப்படக் காலத்தில் புகழ்பெற்ற பலருக்குப் பிழைப்பே போய்விட்ட துயரமான காலம் அது. அந்தத் துயரத்தைக் கதைக்கு அடித்தளமாக வைத்துக்கொண்டு, பார்த்தவர் சிரித்துக் களிக்கும் படத்தை அவர்கள் செய்தனர்.

அதில் வரும் மழைக்காட்சியை அறியாதவர் குறைவு. காதலியை வீட்டு வாசலில் விட்டுத் திரும்பும் கதாநாயகன், காத்திருந்த காரைப் போகச் சொல்லிவிடுகிறான். குடையை மடக்குகிறான். தெரு விளக்குத் தூணில் ஏறித் தொங்குகிறான். பீலியிலிருந்து கொட்டும் நீருக்கு முகத்தைக் கொடுக்கிறான். தேங்கிய நீரில் குழந்தைபோலத் துள்ளித் துள்ளிக் குதிக்கிறான். எதிரே பொலிஸ்காரர் ஒருவர் வந்து நின்று பார்த்ததும் அடங்கிப்போய், எதிர்ப்பட்ட ஒருவரிடம் குடையைக் கொடுத்துவிட்டு நடந்து மறைகிறான். கதைப்போக்கில் அங்கு எதுவும் நிகழவில்லை. ஒருவன் மகிழ்ந்திருக்கிறான், அவ்வளவே. மழை என்றால் ஒதுங்கவேண்டும், குடை என்றால் விரிக்கவேண்டும், பெரியவர்கள் சேற்றில் குதிக்கலாகாது என்ற கட்டுகளையெல்லாம் அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிகிறான். அவனோடு பார்ப்பவரும் கழற்றுகிறார். பொலிஸ்காரர் வரும் இடம் மிக நுட்பமானது. அவர் வராவிட்டால் அந்த விளையாட்டு வெறும் கூத்தாகியிருக்கும். உலகம் தன் கட்டுகளோடு அங்கேதான் நிற்கிறது என்பதை அவர் வந்து நினைவூட்டுகிறார்.

அந்த உவகையை உண்டாக்குவதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது பின்னாளில் தெரியவந்தது. மழைக்காட்சி படமாக்கப்பட்டபோது கெலிக்கு 103 பாகை காய்ச்சல் இருந்தது. மழைத்துளிகள் திரையில் தெரிவதற்காகப் பின்புறமிருந்து ஒளி பாய்ச்சினர். காலடி விழவேண்டிய இடங்களில் நீர் தேங்குவதற்கென்று தரையைக் குழித்து வைத்தனர். கதாநாயகியாக நடித்த டெபி ரெயினோல்ட்ஸ் அப்போது பத்தொன்பது வயதுப் பெண். முறையாக நடனம் பயின்றவர் அல்லர். கெலியின் கடுமை தாங்காமல் பியானோவின் கீழே ஒளிந்திருந்து அழுதவரை நடன மேதை பிரெட் அஸ்ரெயர் கண்டு தேற்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். மூவர் சேர்ந்து ஆடும் காலை வணக்கப் பாட்டைக் காலையில் தொடங்கி இரவு பதினொரு மணிவரை படமாக்கியபோது, அவர் காலின் இரத்தக் குழாய்கள் வெடித்து இரத்தம் கசிந்தது. தம் வாழ்வில் மிகக் கடினமாயிருந்தவை அந்தப் படமும் பிள்ளைப்பேறுமே என்று அவர் பிற்காலத்தில் கூறினார். சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் அடிக்கும் டொனல்ட் ஓ'கொனர், அந்த ஆட்டத்துக்குப் பின் சில நாள் படுக்கையில் கிடந்தார். எழுந்து வந்ததும், எடுத்த படச்சுருள் பழுதாகிவிட்டது, இன்னொரு முறை ஆடவேண்டும் என்றார்களாம். ஆடினார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. குரல் இரவல் கொடுப்பதைக் கண்டிக்கும் கதை அது. ஆனால் குரல் கொடுப்பவளாக நடித்த ரெயினோல்ட்ஸின் பாட்டுகளிற் சிலவற்றை வேறொரு பாடகி பாடினார். படத்தில் ரெயினோல்ட்ஸ் குரல் கொடுப்பதாகக் காட்டும் இடத்தில் ஒலிப்பதோ, கீச்சுக்குரல்காரியாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! அவர் உண்மையில் நல்ல குரல் படைத்தவர்.

இவற்றையெல்லாம் கேட்டபின் அந்த மகிழ்ச்சி பொய் என்று சொல்லத் தோன்றலாம். அவ்வாறு சொல்வது பொருந்தாது. காய்ச்சலோடு ஆடியவன் மகிழ்ச்சியை நடித்தான் என்பது உண்மை. ஆயினும் அந்தத் துள்ளலில் உள்ள வலிமை நடிப்பு அன்று. அது பல்லாண்டுப் பயிற்சியில் விளைந்த மெய்யான வலிமை. பார்ப்பவரின் உடம்பு அதை உணர்ந்துகொள்கிறது. மனித உடம்பால் இதுவும் முடியும் என்ற செய்தி அறிவின்வழிச் செல்லாமல் நேரே கால்களுக்குப் போய்ச் சேர்கிறது.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. உடம்புக்கு நேரே போய்ச் சேரும் செய்தி எல்லாம் நல்ல செய்திதானா?

ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் 1934ஆம் ஆண்டு நாற்சிக் கட்சி நடத்திய மாநாட்டை லெனி ரீபென்ஸ்ரால் என்ற பெண்மணி படமாக்கினார். அடுத்த ஆண்டு வெளியான 'மனவுறுதியின் வெற்றி' என்ற அந்தப் படம், முகில்களினூடே இறங்கும் ஆகாய விமானத்துடன் தொடங்குகிறது. பின்னர் கொடிகள், தீப்பந்தங்கள், எல்லை காணமுடியாத அணிகள், ஒரே தாளத்தில் விழும் காலடிகள். முரசு நடனத்தில் உள்ள அதே ஒழுங்கு, அதே ஏற்றம். கண்டவர் பலர் தோள் நிமிர்ந்தே வெளியே வந்திருப்பர். அந்த நிமிர்வு அவர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1945ஆம் ஆண்டுக்குப் பின் உலகம் கண்டது.

அதே பெண்மணி 1936ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த ஒலிம்பிக் விழாவையும் படமாக்கினார். அது 1938இல் இரண்டு பாகமாக வெளிவந்தது. நிலத்தைக் குழி தோண்டிக் கமராவை அதனுள் இறக்கி, பாய்வோரின் உருவம் வானத்தின் பின்னணியில் எழுமாறு எடுத்தார். உயரத்திலிருந்து நீரில் குதிப்போரைக் காட்டும் பகுதியில், ஒரு கட்டத்தில் நீரே கண்ணுக்குத் தெரிவதில்லை. மனிதர்கள் பறவைகள்போல வானில் மிதக்கின்றனர். நூறு மீற்றர், இருநூறு மீற்றர், நீளம் பாய்தல், அஞ்சல் ஓட்டம் ஆகிய நான்கிலும் தங்கப்பதக்கம் பெற்ற அமெரிக்க நீக்ரோ வீரர் ஜெஸி ஓவென்ஸ் அந்தப் படத்தில் இருக்கிறார். இனப்பெருமை பேசிய அரசின் பணத்தில் எடுத்த படத்தில், அந்த இனக்கொள்கையைத் தம் கால்களால் பொய்யாக்கிய மனிதர் ஓடுகிறார். எடுத்தவர் ஒருவரே, கைத்திறனும் ஒன்றே. முதற் படம் பார்ப்பவரைக் கூட்டத்தில் ஒரு துளியாகக் கரைக்கிறது. ஓவென்ஸ் ஓடும்போதோ, ஒரு தனி மனிதனின் முகத்தை, அவன் மூச்சை, தொடக்கக் கோட்டில் அவன் விரல் மண்ணைத் தொடுவதைப் பார்க்கிறோம். முதற் படம் தரும் கிளர்ச்சிக்கு ஒரு பகைவன் தேவை. அது பெருமிதத்தின் உடையை அணிந்து வந்த வெகுளி. பகைவனை எடுத்துவிட்டால் அதில் மிஞ்சுவது தெருவில் நடக்கும் காலடி ஓசை மட்டுமே.

தமிழ்ப் படங்களிலும் கதாநாயகன் நூறு பேரை அடித்து வீழ்த்தக் கண்டு எழும் விசிலொலியில் இந்த வெகுளியின் பங்கு எவ்வளவு என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

ஓட்டம் பற்றிய பேச்சு வந்தபடியால், அதைப்பற்றி வந்த சிறந்த கதைப்படம் ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். 1981ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டேவிட் பட்னம் தயாரிக்க, ஹியூ ஹட்சன் இயக்கிய 'சாரியட்ஸ் ஒஃப் ஃபயர்' அது. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசு உட்பட நான்கு பரிசுகளைப் பெற்றது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் ஓடிய இருவரின் கதை. ஒருவர் ஹரல்ட் ஏப்ரஹாம்ஸ், கேம்பிரிட்ஜில் பயின்ற யூதர். தம்மை முழுமையாக ஏற்றுக்கொள்ளாத சமூகத்தை ஓடியே வெல்ல எண்ணியவர். மற்றவர் எரிக் லிடெல். சீனாவில் பிறந்த ஸ்கொட்லாந்து மிஷனரியின் மகன், ஓட்டத்தையே வழிபாடாகக் கருதியவர்.

படம் கடற்கரையில் தொடங்குகிறது. வெள்ளுடை அணிந்த இளைஞர் கூட்டம் வெறுங்காலோடு அலைநுரையில் ஓடிவருகிறது. கதையில் அது கென்ற் மாவட்டக் கடற்கரை. உண்மையில் எடுக்கப்பட்டது ஸ்கொட்லாந்தின் சென்ற் அன்ட்ரூஸ் கடற்கரையில். ஓட்டம் மெதுவாக்கிக் காட்டப்படுகிறது. வன்கெலிஸ் அமைத்த இசை அதனோடு சேர்ந்து செல்கிறது. அந்த இசை 1924க்கு உரியதன்று, மின்கருவியில் எழுந்தது. பொருந்தாது என்று அறிவு சொல்லும். காது கேட்பதில்லை. வேகத்தைக் காட்டுவதற்கு வேகத்தைக் குறைத்ததுதான் இயக்குநரின் துணிவு. பத்துச் செக்கனில் முடிந்துபோகும் ஓட்டத்தில் ஒருவன் முகத்தில் என்னென்ன நிகழ்கின்றன என்பதை அவ்வாறுதான் காணமுடியும்.

படத்தின் உயிர்நிலை பாரிஸ் வெற்றி அன்று என்று சொன்னால் சிலர் மறுப்பர். ஆனால் மனத்தில் நெடுநாள் நிற்பது அதற்கு முன்னே வரும் ஒரு காட்சி. ஓட்டம் தொடங்கியவுடன் லிடெல் பக்கத்து ஓட்டக்காரரால் இடறுண்டு புல்லில் விழுகிறார். மற்றவர்கள் போய்விட்டனர். ஒரு கணம் கிடக்கிறார். பிறகு எழுகிறார். தலையைப் பின்னே சாய்த்து, வாயைத் திறந்து, கைகளைத் துடுப்புப்போல வீசி ஓடத் தொடங்குகிறார். ஒருவர் பின் ஒருவராகக் கடந்து, முடிவுக் கோட்டில் முதல்வராய் விழுகிறார். இது கற்பனை அன்று. 1923ஆம் ஆண்டு யூலையில் இங்கிலாந்தின் ஸ்ரோக் நகரில் 440 யார் ஓட்டத்தில் உண்மையாகவே நிகழ்ந்தது. இருபது யார் பின்தங்கி எழுந்தவர் அந்த ஓட்டத்தை வென்றார். அந்தக் காட்சியில் பகைவன் இல்லை. இடறியவர்மீது கோபங்கொள்ளப் பார்ப்பவருக்கு நேரமும் இல்லை. எழுந்தவனைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

படம் சில இடங்களில் சரித்திரத்தை மாற்றியிருக்கிறது. நூறு மீற்றர் ஓட்டத்தின் தொடக்கச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்ற செய்தியைக் கப்பலேறும் வேளையில் லிடெல் அறிவதாகப் படம் காட்டும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அது அவருக்குத் தெரியும். ஓய்வுநாளில் ஓடுவதில்லை என்று தீர்மானித்து, 400 மீற்றர் ஓட்டத்துக்குப் பயிற்சி செய்தார். கப்பல் தளத்தில் வந்த திடீர் அதிர்ச்சியைவிட, மாதக்கணக்கில் நாள்தோறும் தன் முடிவைத் தானே உறுதிசெய்துகொண்ட மனிதனின் மனத்திட்பம் பெரியது. படமெடுப்போருக்கு அது காட்ட எளிதாயிராது. யூலை 7ஆந் திகதி ஏப்ரஹாம்ஸ் நூறு மீற்றரை 10.6 செக்கனில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். அவருடைய பயிற்சியாளர் சாம் முசபினி கூலிக்குப் பயிற்றுபவர் என்ற காரணத்தால், அரங்கினுள் இடமின்றி வெளியே அறையொன்றில் இருந்து தேசிய கீதத்தின் ஒலியால் வெற்றியை அறிவதாகப் படம் காட்டுகிறது. தனியே இருந்த அந்தக் கிழவர் மகிழ்ச்சி தாளாமல் தம் தொப்பியைக் குத்திக் கிழிக்கும் இடத்தில் அழுகையும் உவகையும் வேறு வேறாகத் தெரிவதில்லை. யூலை 11ஆந் திகதி லிடெல் 400 மீற்றரை 47.6 செக்கனில் ஓடி முடித்தார்.

படம் அங்கே ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. லிடெல் பின்னர் ஆக்கிரமிக்கப்பட்ட சீனாவில் இறந்தார் என்ற செய்தியை இறுதியில் சில எழுத்துகள் தெரிவிக்கின்றன. படம் சொல்லாது விட்ட பகுதியையும் நேயர்கள் அறிந்துகொள்ளலாம். புகழின் உச்சியில் இருந்த அவர் 1925ஆம் ஆண்டு சீனாவுக்குத் திரும்பினார்; தியென்சின் நகரத்துக் கல்லூரியொன்றில் விஞ்ஞான ஆசிரியரானார். யுத்தத்தின்போது யப்பானியர் பிற நாட்டவர்களைச் சிறைப்படுத்திய வெய்ஸியென் முகாமில் 1943 முதல் அவரும் அடைக்கப்பட்டார். அங்கே பெற்றோரைப் பிரிந்த மாணவர்கள் பலர் இருந்தனர். அவர்களுக்குப் பாடம் சொன்னார், விளையாட்டுகளை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு இல்லை என்றார். பிள்ளைகள் கேளாமல் தாமே ஹொக்கி ஆடினர். நடுவர் இல்லாத ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறன்று லிடெல் ஊதுகுழலுடன் மைதானத்துக்கு வந்தார். தமக்கு ஒரு தங்கப்பதக்கம் கிடைப்பதற்காக விட்டுக்கொடாத ஞாயிற்றுக்கிழமையை அந்தப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார்.

மூளையில் ஏற்பட்ட கட்டியினால் 1945 பெப்ரவரி 21ஆந் திகதி, முகாம் விடுதலை பெறுவதற்கு ஆறு மாதத்துக்கு முன், அவர் காலமானார். வயது 43. அதற்குச் சில வாரங்களுக்கு முன், குளிர்காலத்தில் தேய்ந்த காலணியோடு திரிந்த சிறுவன் ஒருவனிடம் வந்து, நூலால் ஒட்டுப்போட்டுத் தைத்த தம்முடைய பழைய ஓட்டக் காலணிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.